ஐயை திருத்தினால் என்ன மதிப்பெண் வரும்?

ஆறாம் ஆண்டு மாணவரிடம் 'நான் ஒரு மிதிவண்டி' என்று தலைப்பைக் கொடுத்தால், அவர் என்ன எழுதுவார் என்று படிக்காமலே சொல்லிவிடலாம். மிதிவண்டி ஒரு தொழிற்சாலையில் பிறக்கும். தன் பெயர், நிறம், விலையைச் சொல்லும். கடையில் நண்பர்களோடு வரிசையாக நிற்கும். ஒருவர் வாங்கிப் போவார். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார். ஒருநாள் விபத்து நடக்கும். இப்போது கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. தன்கதை முடிந்தது. மிதிவண்டிக்குப் பதிலாகக் குடை, காலணி, பள்ளிப்பை என்று எதை வைத்தாலும் இந்தக் கதை மாறாது. மலாக்காவின் அலோர் காஜா மாவட்டத்து ரெம்பியாவில் எழுதினாலும் சரி, மலேசியாவின் வேறு எந்த மூலையில் எழுதினாலும் சரி, கட்டுரை ஒன்றுதான்.

இந்த அச்சை வார்த்தது மதிப்பெண். 1988இல் தொடங்கி 2019 வரை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நடந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக ஒரு தலைமுறை ஆசிரியர்கள் பிள்ளைகளைத் தயார்செய்தார்கள். தேர்வு அறையில் நேரம் குறைவு. தலைப்பு என்ன வருமென்று தெரியாது. எதற்கும் பொருந்துகிற ஒரு சட்டகத்தை மனப்பாடம் செய்து, இடையிடையே நான்கு மரபுத்தொடர், இரண்டு உவமைத்தொடர், முடிவில் ஒரு திருக்குறள் என்று வைத்துவிட்டால் நல்ல புள்ளி நிச்சயம். பயிற்சி நூல்கள் அதையே அச்சிட்டன. பெற்றோரும் அதையே கேட்டார்கள்.

2021இல் யூ.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டது, அடுத்த ஆண்டு படிவம் மூன்றின் பி.தி.3 தேர்வும் போனது. இன்று தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் எழுத்தை மதிப்பிடுபவர் அவருடைய வகுப்பாசிரியர்தான். வகுப்பறை மதிப்பீட்டின் ஆறு அடைவுநிலைகளில் எது என்று தீர்மானிக்கிற அதிகாரம் அவர் கையில் இருக்கிறது. தேர்வு போய்ச் சில ஆண்டுகள் ஆகியும் பழைய அச்சு மட்டும் போகவில்லை. அதை உடைக்க மிக நல்ல வழி, பிள்ளையை ஓர் இலக்கியப் பாத்திரமாக நின்று எழுதச் சொல்வது; எழுதியதை அந்தப் பாத்திரத்தின் இடத்தில் உட்கார்ந்தே மதிப்பிடுவது. இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். எழுதச் சொல்வதை மட்டும் மாற்றிவிட்டுத் திருத்துவதைப் பழையபடி வைத்திருந்தால், மிதிவண்டி எழுதிய கட்டுரையையே நாளை கண்ணகியும் எழுதுவாள்.

இரண்டு ஐயைகள்

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் இடம் கொடுத்தவள் மாதரி. அவள் மகள் ஐயை. கண்ணகி கணவனுக்கு ஆக்கிப்போட்ட கடைசிச் சோற்றுக்கு வைக்கோலைப் போட்டு அடுப்பு மூட்டியவள் அந்தப் பெண்தான். காப்பியம் அவளுக்குக் கொடுத்திருக்கும் இடம் மிகச் சிறியது. அதனாலேயே மாணவருக்கு அது நல்ல இடம். இட்டு நிரப்ப நிறைய இருக்கிறது. வகுப்பில் கதையைச் சொல்லிவிட்டு, ஐயையாக இருந்து அந்த நாளை எழுதுங்கள் என்று கேட்டால் இரண்டு வகையான எழுத்து வரும். ஒன்று இப்படி:

"நான்தான் ஐயை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான சிலப்பதிகாரத்தில் வருகிறேன். கற்புக்கரசி கண்ணகி எங்கள் இல்லம் வந்தபோது என் மகிழ்ச்சிக்கு எல்லையே இல்லை. அந்நாள் பசுமரத்தாணி போல என் மனத்தில் பதிந்துள்ளது. வஞ்சகப் பொற்கொல்லனின் சூழ்ச்சியை எண்ணும்போது என் உள்ளம் அனலிடைப்பட்ட புழுப்போலத் துடிக்கிறது."

மற்றொன்று இப்படி:

"அக்கா வெள்ளரிக்காய் அரிந்தபோது விரல் சிவந்துவிட்டது. வேலை செய்து பழகாத கை. நான் அடுப்பை ஊதினேன். புகையில் அக்காவின் கண்ணும் சிவந்தது. அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அக்கா மூட்டையைத் திரும்பக் கட்டும்போது பார்த்தேன். ஒரு சிலம்புதான் இருந்தது. நான் கேட்க்கவில்லை. விருந்தாளியிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லிருக்கிறார்."

வழக்கமான சிவப்பு மைக்கு முதல் கட்டுரை முந்திவிடும். பிழை இல்லை, இரண்டு உவமைத்தொடர்கள் இருக்கின்றன, நடை செந்தமிழ். இரண்டாவதில் 'கேட்க்கவில்லை', 'சொல்லிருக்கிறார்' என்று இரண்டு பிழைகள். மொழியணி ஒன்றும் இல்லை. வாக்கியங்களும் குட்டை.

அதே தாள்கள் ஐயையின் கைக்குப் போகட்டும். முதல் கட்டுரையைப் படித்துவிட்டு அவள் கேட்பாள்: ஐம்பெருங்காப்பியம் என்றால் என்ன? எங்கள் வீட்டுக்கு வந்தவள் களைத்துப்போன ஒரு பெண். அவளுக்குக் கற்புக்கரசி என்ற பட்டத்தை அன்று யார் கொடுத்தார்கள்? என் மனம் துடித்தது என்கிறாய். அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரு வரிகூட இல்லையே? இரண்டாவது கட்டுரையை அவள் கீழே வைக்கமாட்டாள். ஒற்றைச் சிலம்பைப் பார்த்தும் வாய் திறக்காத சிறுமி அதில் இருக்கிறாள். பின்னாளில் அந்த மௌனம் அவளை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று படிப்பவரை நினைக்கவைக்கும் எழுத்து அது. கதையில் சொல்லப்படாத ஒன்றைக் கதைக்குள்ளிருந்தே எடுத்திருக்கிறது அந்தப் பிள்ளை. படைப்பு என்று நாம் சொல்வது இதைத்தான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பொற்கொல்லனின் சூழ்ச்சி ஐயைக்குத் தெரியவே கூடாது என்பதில்லை. காப்பியத்தின் இறுதியில் தேவந்தி முதலானோரோடு சேர மலைநாட்டுக்குப் போகிறவர்களில் ஐயையும் இருக்கிறாள். அதற்குள் எல்லாம் தெரிந்திருக்கும். அப்படியென்றால் மாணவர் எந்த ஐயையாக எழுதுகிறார்? அடுப்பை ஊதுகிற அன்றைய ஐயையா, தாயைத் தீக்குப் பறிகொடுத்த பின் மலையேறுகிற ஐயையா? எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்த பிறகு கடைசி வரி வரை அங்கேயே நிற்க வேண்டும். இந்தத் தேர்வுக்கும் நிலைப்பாட்டுக்கும் நம் மதிப்பெண் தாளில் இன்று ஓர் இடமும் இல்லை.

தெரியாததும் அறிவுதான்

மேல்நிலை மாணவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே பாத்திரங்கள் இருக்கின்றன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களைப் பற்றியவை. மலாக்கா தோட்டத்துக்குப் பழைய மாநிலம். டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் வணிக முறையில் ரப்பர் நட்டது இங்கேதான். அந்த லயங்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாமான் வீடுகளிலிருந்து பள்ளிப் பேருந்தில் வருகிறார்கள். சயாமுக்குப் போனவரின் மனைவியாக இருந்து எழுதுங்கள் என்றால், அவர்களில் சிலராவது வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்பார்கள்.

ஆனால் ஒரு மாணவர் இப்படி எழுதுவதற்கு வாய்ப்பு அதிகம்: "என் கணவர் 1942இல் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் கட்டி முடிக்கப்பட்டது." தகவல் அத்தனையும் சரி. வரலாற்றுத் தாளில் முழு மதிப்பெண் பெறும். லயத்து வாசலில் காத்திருந்த அந்தப் பெண்ணுக்கோ பாதையின் நீளம் தெரியாது; சயாம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தவை வேறு. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுத்தது தெரியும். சாக்குத்துணியைக் கட்டிக்கொண்டது தெரியும். லாரி எந்த வளைவில் மறைந்தது என்று தெரியும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது ஒரு பெயர் விடுபட்டது காதில் விழுந்திருக்கும். போனவர் இருக்கிறாரா, பொட்டை அழிப்பதா வேண்டாமா என்று தெரியாமலே ஆண்டுகள் போயிருக்கும்.

அந்தத் தெரியாமையைக் காப்பாற்றி எழுதுவது மிகக் கடினமான வேலை. தனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டாமல், தன் பாத்திரத்துக்குத் தெரிந்த அளவோடு நிறுத்திக்கொள்வதற்கு அறிவும் வேண்டும், அடக்கமும் வேண்டும், இன்னொருவர் மீது இரக்கமும் வேண்டும். தகவலுக்கு ஒரு புள்ளி என்று எண்ணித் திருத்துகிற முறை இந்த மூன்றையும் தண்டிக்கிறது. 415 கிலோமீட்டரை எழுதியவர் மேலே போகிறார். சாக்குத்துணியை எழுதியவர் பின்தங்குகிறார்.

இது நம் மரபின் அளவுகோல்

பாத்திரத்தின் வாயால் பேசுவதை மேல்நாட்டுப் பயிற்சிமுறை என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. சங்க அகப்பாடல்கள் முழுவதும் இப்படி எழுதப்பட்டவைதான். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, பாணன் கூற்று, கண்டோர் கூற்று என்று ஒவ்வொரு பாட்டுக்கும் பேசுபவர் உண்டு. யார், எந்தச் சூழலில், எதைப் பேசலாம் என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் வரிசைப்படுத்துகிறது. தலைவி நாணத்தால் சொல்லாமல் விடுவதைத் தோழி சொல்வாள். தோழி அறியாத ஒன்று செவிலியின் மனத்தில் இருக்கும். புலவரின் பெயர் பாட்டுக்கு வெளியே நின்றுவிடும். பக்தி இலக்கியத்தில் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடினார்கள். இருபதாம் நூற்றாண்டில் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' கதையில் அகலிகையை மீண்டும் பேசவைத்தார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தியைக் கேட்டபின் அவள் மறுபடியும் கல்லாகிறாள். இராமாயணத்தில் இப்படி இல்லையே என்று மதிப்பெண் குறைக்கிற ஆசிரியர் கையில் அந்தக் கதை சிக்கியிருந்தால் தோற்றிருக்கும். அகலிகையின் இடத்திலிருந்து பார்த்தால் அவள் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கிறவருக்கே அதன் வலிமை புரியும். மூலத்திலிருந்து விலகலாம். விலகுவதற்கான காரணம் பாத்திரத்திடமிருந்தே பிறந்திருக்க வேண்டும். மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

ஒரே அளவு கிடைக்குமா?

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். இரண்டும் நியாயமானவை.

முதலாவது, இப்படித் திருத்தினால் ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் மாறிவிடாதா என்பது. மாறும். ஆனால் இப்போது மாறவில்லை என்று யார் சொன்னது? 1961இல் அமெரிக்காவில் பால் டீடெரிக்கும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு கல்வித்துறையில் புகழ்பெற்றது. 300 கட்டுரைகளை வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து ஒன்பது நிலைகளாகப் பிரிக்கச் சொன்னார்கள். 94 விழுக்காட்டுக் கட்டுரைகள் குறைந்தது ஏழு வெவ்வேறு நிலைகளைப் பெற்றன. ஒருவர் கருத்தைப் பார்த்தார். இன்னொருவர் பிழையைப் பார்த்தார். வேறொருவர் நடையைப் பார்த்தார். எதை முதலில் பார்ப்பது என்று பேசி முடிவுசெய்யாத வரை கருத்து வேறுபாடு தீராது. 'இந்தப் பாத்திரம் இதைச் சொல்லுமா?' என்ற ஒரே கேள்வியை எல்லாரும் முதலில் கேட்டால், இன்றைக்கு இருப்பதைவிட ஒற்றுமை கூடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அதற்கு எளிய வழியும் இருக்கிறது. உளவியலாளர் தர்ஸ்டன் 1927இல் சொன்ன ஒப்பீட்டு முறைப்படி, தாளுக்குத் தனியாக எண் போடாமல் இரண்டு தாள்களை அருகருகே வைத்து 'எதில் ஐயை உயிரோடு இருக்கிறாள்?' என்று மட்டும் கேட்கலாம். ரெம்பியா, அலோர் காஜா, புலாவ் செபாங், டுரியான் துங்கல் வட்டார ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை காலை கூடி, பெயர் மறைத்த தாள்களை இப்படிச் சோடி சோடியாகப் பார்த்தால், மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு வரிசை கிடைத்துவிடும். ஏன் இது, ஏன் அது இல்லை என்று அவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சு எந்தப் பயிலரங்கிலும் கிடைக்காத பயிற்சி.

இரண்டாவது மறுப்பு, மொழிப்பிழையை விட்டுவிடலாமா என்பது. விடக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் இன்னும் தடுமாற்றம்தான். பின்னாளில் படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தமிழ்த்தாளில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். 20 மதிப்பெண் கட்டுரை என்றால், பாத்திரத்தின் நோக்கும் குரலும் 8, நிகழ்ச்சிக் கோவை 5, சொல்வளமும் வாக்கியமும் 4, எழுத்துப்பிழையின்மை 3 என்று பிரிக்கலாம். இந்தக் கணக்கில் 'கேட்க்கவில்லை' என்று எழுதிய பிள்ளை தன் பிழைக்காக ஒன்று இரண்டு இழக்கும். சிலம்பைப் பார்த்த கண்ணுக்காக எட்டில் ஏழோ எட்டோ பெறும். சொல்வளத்திலும் ஒரு மாற்றம் தேவை. பசுமரத்தாணி பாடப்பட்டியலில் இருக்கிறது என்பதற்காகப் புள்ளி கொடுக்காமல், ஆயர்பாடிப் பெண்ணின் வாயில் அது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தோட்டத்துப் பெண் பேசும்போது மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால், ஆயாக் கொட்டகை என்ற சொற்கள் வந்தால் கொச்சை என்று அடிக்கோடிடக் கூடாது. அவை அவளுடைய சொல்வளம்.

கந்தசாமி வாத்தியார் காட்டிய வழி

திருத்துபவர் ஒரு பாத்திரமாக நின்று பேசியதற்கு இந்த நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நாளேடு 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதை முன்னெடுத்தார்கள். 'கந்தசாமி வாத்தியார்' என்ற புனைபெயரில் பாடம் சொன்னவர் சுப. நாராயணன். தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் இருந்த புதியவர்கள் நாளேட்டின் வழியாகக் கதை எழுதப் பழகினார்கள். அதே பத்தாண்டில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றத்தின் மூலம் பிள்ளைகளின் எழுத்துக்குப் பக்கம் ஒதுக்கியது. மலேசியத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு எழுத முடியாது. அச்சில் வந்த அந்த மதிப்பீடுகள் எழுதியவரை அடுத்த கதைக்குத் தயார்செய்தன.

இதை வகுப்பறைக்குள் கொண்டுவருவது எளிது. கட்டுரையின் அடியில் 'நன்று, முயற்சி தேவை' என்று எழுதுவதற்குப் பதிலாக ஆசிரியர் பாத்திரமாகவே நான்கு வரி எழுதட்டும். "தம்பி, நான் ஐயை. அடுப்பு மூட்டியதைச் சரியாக எழுதியிருக்கிறாய். அன்று பால் உறையவில்லை, உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை என்று அம்மா பயந்தாள். குரவை ஆடலாம் என்று சொன்னாள். அப்போது எனக்கும் பயமாக இருந்ததா? நீ அதை எழுதவில்லையே. பிறகு அம்மா வைகைத் துறைக்குப் போய்விட்டாள். ஊருக்குள்ளிருந்து ஒருத்தி ஓடிவந்து சொல்ல முடியாமல் நின்றபோது அக்காவின் பக்கத்தில் யார் இருந்தது?" இந்தக் குறிப்பைப் படிக்கிற பிள்ளை தாளை மூடிவைக்காது. மறுபடி எழுத உட்காரும். மாடு வளர்த்த தாத்தா வீட்டில் இருந்தால், பால் உறையாமல் போனால் என்ன அர்த்தம் என்று அவரிடம் போய்க் கேட்கும். திருத்தம் என்பது அடுத்த வரைவுக்கு வழி திறப்பது. எண் மட்டும் போட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது.

முப்பது நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இது முடியுமா என்று பட்டண ஆசிரியர்கள் கேட்கலாம். மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று நாம் எப்போதும் வருந்திப் பேசுகிற சிறிய தமிழ்ப்பள்ளிகளுக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால், தவணைக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் பாத்திரத்தின் குரலில் பதில் எழுத ஆசிரியரால் முடியும். தோட்டம் செம்பனைக்கு மாறி, மக்கள் இடம்பெயர்ந்து, மெலிந்துபோன பள்ளிகள் இதில் மற்றவர்களுக்கு வழிகாட்டலாம்.

இதை இப்போதே செய்ய வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பசுமரத்தாணியும் திருக்குறளும் வைத்த பிழையற்ற கட்டுரையைக் கைப்பேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி நொடியில் எழுதித் தருகிறது. அதற்குத்தான் நாம் முழுப்புள்ளி கொடுத்துவந்தோம் என்றால், இனி நாம் மதிப்பிடுவது பிள்ளையை அல்ல. தன் பாட்டியிடம் கேட்ட சாக்குத்துணியை, தான் பார்த்த அடுப்பை ஒரு பாத்திரத்தின் கண்ணுக்குள் வைத்து எழுதும் வேலை பிள்ளையுடையது. அதற்கு விலை வைத்தால்தான் பிள்ளை அதைச் செய்யும்.

ஆசிரியர் கல்விக் கழகங்களும் உப்சி பல்கலைக்கழகமும் பயிற்சி ஆசிரியர்களுக்குக் கட்டுரை திருத்தக் கற்றுக்கொடுக்கும்போது, பாத்திர நோக்கை ஓர் அளவுகோலாகச் சேர்க்க வேண்டும். தேர்வு வாரியம் எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத் தாளில் பாத்திரப் பண்புகளைப் பட்டியலிடச் சொல்லும் கேள்விகளோடு, பாத்திரமாக நின்று எழுதும் ஒரு கேள்வியையும் வைக்கலாம். நம் நாளேடுகளின் ஞாயிறு மாணவர் பக்கங்கள் பரிசு பெற்ற கட்டுரையோடு, அதற்கு ஏன் பரிசு கிடைத்தது என்ற நடுவரின் விளக்கத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் சுற்றறிக்கை வரும்வரை மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகள் காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்பறை மதிப்பீடு ஏற்கெனவே ஆசிரியரிடம் இருக்கிறது. அடுத்த தவணையில் ஒரே ஒரு கட்டுரையை இப்படிக் கொடுத்து, இப்படித் திருத்திப் பார்க்கட்டும். யார் கண்ணால் பார்க்கிறேன், அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பதினோரு வயதில் யோசிக்கப் பழகிய பிள்ளை நல்ல எழுத்தாளராக வராமல் போகலாம். ஆனால் அடுத்த வீட்டுக்காரரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் ஒரு கணம் அவர் இடத்தில் நின்று பார்க்கிற மனிதராக வளரும். தமிழ்ப்பள்ளி ஒரு பிள்ளைக்குத் தரக்கூடியவற்றில் இதைவிடப் பெரிய அடைவுநிலை எனக்குத் தெரியவில்லை.